மூணு மணி நேரம் பத்தாதா?

"அவ்ளோதானா?"

லிம்போ முடிஞ்சு ஸ்கிரீன் கறுப்பானதும் என் ரூம்மேட் கேட்ட முதல் கேள்வி இதுதான். ராத்திரி ரெண்டு மணி. நான் விளையாடினேன், அவன் கட்டில்ல படுத்துக்கிட்டே ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பார்த்தான். சிலந்தி வந்தப்போ போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கிட்டான். நடுவுல தண்ணி பாட்டில் நிரப்பக்கூட எழுந்து போகல. போன்ல ரீல்ஸ் பார்க்காம இவன் மூணு மணி நேரம் இருந்து நான் பார்த்ததே இல்ல. ஆனா முடிஞ்சதும் அவன் வாயில வந்தது "அவ்ளோதானா?" அடுத்தது, "எவ்ளோ குடுத்து வாங்கின?"

நான் விலையைச் சொன்னேன். சேல்ல வாங்கினது, கேன்டீன்ல ஒரு பிரியாணியை விடக் கம்மி. அவன் மனசுக்குள்ள வகுத்துப் பார்த்துட்டு, "பரவால்ல, ஆனா ஷார்ட்"னு தீர்ப்பு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டான்.

எனக்குத் தூக்கம் வரல. அவன் மேல கோபம் இல்ல. இதே தீர்ப்பை 2010-லயே, இதைவிட நல்ல இங்கிலீஷ்ல, நிறைய விமர்சகர்கள் எழுதியிருக்காங்க. அதைப் படிச்சதுல இருந்து ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு. இந்தக் கட்டுரை அதுக்காகத்தான்.

விளையாடாதவங்களுக்குக் கொஞ்சம் முன்கதை. (முடிவைப் பத்தியும் பேசப்போறேன். 2010-ல வந்த கேமுக்கு ஸ்பாய்லர்னு யாரும் சண்டைக்கு வராதீங்க.) டென்மார்க்ல கோபன்ஹேகன்ல இருக்கிற ப்ளேடெட்னு ஒரு சின்ன நிறுவனம் செஞ்ச முதல் கேம் லிம்போ. இயக்கியவர் ஆர்ண்ட் யென்சன். ஹிட்மேன் செஞ்ச ஐஓ இன்டராக்டிவ்ல வேலை பார்த்தவர். பெரிய கம்பெனி வேலை ஒத்துவராம, தனக்குன்னு ஒரு உலகத்தைப் படமா வரைஞ்சு வச்சிருந்தார். கோட் எழுத ஆள் கிடைக்குமான்னு 2006-ல ஒரு சின்ன வீடியோவா அதை நெட்ல போட, அப்படி வந்து சேர்ந்தவர் டினோ பட்டி. நாலு வருஷம் கழிச்சு, 2010 ஜூலை 21-ல, எக்ஸ்பாக்ஸ் லைவ் ஆர்கேட்ல கேம் வெளியாச்சு. விலை 15 டாலர்.

கேம்ல ஒரு பையன். கறுப்பு நிழல், முகத்துல ரெண்டு வெள்ளைப் புள்ளி, அதான் கண்ணு. ஒரு காட்டுல கண்ணு முழிக்கிறான். கேம் முழுக்க ஒரு வார்த்தை வசனம் கிடையாது, எந்தப் பட்டனை அழுத்தணும்னுகூட யாரும் சொல்ல மாட்டாங்க. நடக்கலாம், குதிக்கலாம், பிடிச்சு இழுக்கலாம், அவ்வளவுதான். தங்கச்சி என்ன ஆனாள்னு தெரியாம தேடிப் போறான்ங்கிறதுகூட கேமுக்கு வெளியில, விற்கிற பக்கத்துல இருக்கிற ஒரு வரியில இருந்துதான் நமக்குத் தெரியும்.

விமர்சனங்கள் பெரும்பாலும் கொண்டாடத்தான் செஞ்சது. மெட்டாக்ரிட்டிக்ல எக்ஸ்பாக்ஸ் வெர்ஷனுக்கு 90. அந்தக் கறுப்பு வெள்ளை, பழைய சினிமா ரீல் மாதிரி நடுங்குற வெளிச்சம், மார்ட்டின் ஸ்டிக் ஆண்டர்சனோட ஒலி, எல்லாத்தையும் பாராட்டினாங்க. அந்த ஒலியைப் பத்தி மட்டும் தனியா ஒரு கட்டுரை எழுதலாம். பாட்டுன்னு சொல்ற மாதிரி ஒண்ணுமே இல்ல. காத்து, மழை, எங்கேயோ இரும்பு முனகுற சத்தம். ஹெட்போன் இல்லாம விளையாடாதீங்க, அது பாதி கேம்.

ஆனா கொண்டாடின விமர்சனங்கள்லயே பலதுல கடைசிப் பத்திக்கு வந்ததும் ஒரு "ஆனா" வரும். ஆனா மூணு நாலு மணி நேரத்துல முடிஞ்சிடுது. ஆனா 15 டாலர். ஆனா திரும்ப விளையாட ஒண்ணும் இல்ல.

அந்தக் காலத்தையும் பார்க்கணும். எக்ஸ்பாக்ஸ் லைவ் ஆர்கேட்ல அப்போ 10 டாலர் விலை சகஜம். 2008-ல பிரெய்ட் 15 டாலருக்கு வந்தப்போவே விலை ஜாஸ்தின்னு பெரிய சண்டை நடந்தது. மதிப்பெண் போடுற முறையும் அப்படித்தான் இருந்தது. ஐஜிஎன் மாதிரி தளங்கள் கிராபிக்ஸ், சவுண்ட், கேம்பிளேன்னு தனித்தனியா மார்க் போட்டு, "எத்தனை நாள் தாங்கும்"ங்கிறதுக்கும் ஒரு தனிக் கட்டம் வச்சிருந்தாங்க. கட்டம்னு ஒண்ணு இருந்தா யாராவது அதை நிரப்பித்தான் ஆகணும். நம்ம புராஜெக்ட் ரிவ்யூ ஷீட் ஞாபகம் வருதா? டெமோ ஓடுச்சா இல்லையாங்கிறது ஒரு கட்டம், ரிப்போர்ட் அறுபது பக்கம் வந்துச்சாங்கிறது இன்னொரு கட்டம், ரெண்டுக்கும் ஒரே மார்க். போன செமஸ்டர்ல எங்க டீம் செஞ்ச வேலையை உண்மையா எழுதினா இருபத்திரண்டு பக்கம். மீதி முப்பத்தெட்டு பக்கம் எப்படி வந்ததுன்னு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. நீங்களும் அதே சட்டியில வெந்தவங்கதான்.

லிம்போவுக்கு அந்த முப்பத்தெட்டு பக்கத்தைச் சேர்த்திருக்க முடியாதா? தாராளமா முடியும். செஞ்சு வச்சதுல பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டுட்டோம்னு டினோ பட்டியே சொல்லியிருக்கார். கதைக்கும் இடத்துக்கும் ஒட்டாததெல்லாம் போயிடுச்சு. அப்போ அந்த நேரம் கைவசம் இல்லாததால வந்த குறை இல்ல. வெட்டி எடுத்ததால வந்த அளவு.

சிலந்தியை எடுத்துக்கோங்க. முதல்ல ஒரு மரத்துக்குப் பின்னாடி இருந்து ஒரே ஒரு கால் நீளும். கிட்ட போனா குத்திடும். கொஞ்சம் பின்னாடி வந்தா, மரத்துல தொங்கிக்கிட்டிருந்த கரடிப் பொறி கீழ விழுந்து கிடக்கும். அதைத் தள்ளிட்டுப் போய் அந்தக் காலுக்கு அடியில வைக்கணும். கால் துண்டாகும். அது பின்வாங்கும். அப்புறம் ஒருமுறை பிடிச்சு நூல்ல சுத்தி வச்சிடும், மூட்டை மாதிரி குதிச்சுக் குதிச்சுத் தப்பிக்கணும். கடைசியா அது ஒத்தைக் காலோட கிடக்கிறப்போ, அந்தக் காலையும் நம்ம கையாலயே பிடிச்சு இழுத்துப் பிய்க்கணும். அந்த உடம்பை உருட்டிக் குழியில தள்ளி, அது மேல ஏறி அந்தப் பக்கம் போகணும்.

அந்த இடத்துல என் ரூம்மேட் "அய்யோ, பாவம்டா"ன்னான். கொஞ்ச நேரம் முன்னாடி போர்வைக்குள்ள ஒளிஞ்சவன்! பயத்துல ஆரம்பிச்சுப் பரிதாபம் வரைக்கும், ஒரு வசனம் இல்லாம, கேமோட முதல் பாதிக்குள்ளயே. இதே சிலந்தி பத்து மணி நேரம் துரத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அஞ்சாவது தடவை "ஆ, வந்துட்டியா"ன்னு கேட்டிருப்போம். டவுன் பஸ்ஸுக்கு யாரும் பயப்படுறதில்ல. பயத்துக்கு ஆயுசு கம்மி, அதை இழுத்தா சலிப்பா மாறிடும்.

இது ஒரே மூச்சுல விளையாட வேண்டிய அளவுன்னு செஞ்சவங்களுக்கே தெரியும். அஞ்சு தடவைக்கு மேல சாகாம, ஒரே உட்கார்ல முடிச்சா ஒரு அச்சீவ்மென்ட் தர்றாங்க. (நான் முதல் பத்து நிமிஷத்துலயே அந்த அஞ்சைத் தாண்டிட்டேன். புல்லுக்குள்ள இருந்த பொறியில முதல்ல தலை போச்சு.) இன்னொண்ணையும் யோசிங்க. இந்த கேம்ல செத்துச் செத்துத்தான் கத்துக்கணும். ஒவ்வொரு புதிரும் முதல்ல உங்களைக் கொல்லும், அப்புறம்தான் தன்னைக் காட்டும். அப்போ மூணு மணி நேரம்ங்கிற கணக்கே யாரோடது? என்னை மாதிரி மண்டைக்கு அஞ்சு மணி நேரம் ஆகலாம். மந்தமா விளையாடினவனுக்கு கேம் அதிக மதிப்பா?

இப்போ எதிர்க்கட்சி பக்கமும் நியாயம் இருக்குன்னு ஒத்துக்கணும். நம்மள்ல பல பேருக்கு மாசத்துக்கு இவ்வளவுதான்னு வீட்டுல இருந்து வரும். முந்நூறு ரூபாயை ஒரு கேம்ல போட்டா, லீவு முழுக்க ஓடணும்னு நினைக்கிறது பேராசை இல்ல. ஸ்கூல் படிக்கிறப்போ ஒரு ஸ்கைரிம்மை வச்சு ரெண்டு முழு ஆண்டு லீவை ஓட்டினவன் நான், எனக்குத் தெரியாதா? வாங்குறவனுக்கு நேரம் ஒரு கேள்விதான். அதனால விமர்சகர் "சுமார் மூணு நாலு மணி நேரம் ஓடும்"னு ஒரு வரி எழுதணும், கண்டிப்பா எழுதணும். ஆனா அது தகவல். தகவலை எடுத்துத் தீர்ப்பு எழுதுற இடத்துல வைக்கிறதுதான் எனக்கு ஒட்டாத இடம். சிறுகதையைப் பார்த்து "நாவல் மாதிரி இல்லையே"ன்னு யாரும் மார்க் குறைக்கிறதில்ல.

அதைவிடப் பெரிய வருத்தம் என்னன்னா, நேரத்தை எண்ணிக்கிட்டு இருந்ததுல கேமோட உண்மையான குறை பின்னாடி தள்ளப்பட்டுடுச்சு. லிம்போவுக்குக் குறை இருக்கு. அது குட்டையா இருக்கிறது இல்ல. என் கணக்குல கொஞ்சம் நீளம்.

ஆமா, நீளம். முதல் பாதியில நமக்கு எதிரா இருக்கிறதுக்கெல்லாம் ஒரு மனசு இருக்கு. சிலந்திக்குப் பசி. அப்புறம் மத்த சின்னப் பசங்க, நம்ம வயசுப் பசங்களே, பொறி வச்சுக் காத்திருப்பாங்க. சிலந்திக் கால் மாதிரி ஒண்ணைச் செஞ்சு ஆட்டி ஆட்டிப் பயமுறுத்துவாங்க. தண்ணியில மூழ்கிச் செத்த ஒருத்தன் உடம்பை மிதிச்சுத்தான் நாம அந்தப் பக்கம் போக முடியும். புதிரைப் போட்டுட்டோம்னு சந்தோஷப்படுற அதே நொடியில வயித்துக்குள்ள என்னமோ பிசையும். நானா இதைச் செஞ்சேன்னு.

ரெண்டாவது பாதி அப்படி இல்ல. ஹோட்டல்னு எழுதின பெரிய லைட் போர்டைத் தாண்டினதுக்கு அப்புறம் மெல்ல மெல்ல ஃபேக்டரி ஆயிடுது. ரம்பம், பல்சக்கரம், காந்தம், தலைகீழா மாறுற புவியீர்ப்பு, மொத்தமா சுத்துற அறை. புதிரா பார்த்தா எல்லாம் அருமை, மெக்கானிக்கல் பசங்க ரசிப்பாங்க. ஆனா அந்தப் பக்கம் யாரும் இல்ல. ரம்பத்துக்கு என் மேல கோபம் கிடையாது. அங்கே செத்தா "சே, டைமிங் தப்பு"ன்னு தோணுது, பயம் வரல. காட்டுல செத்தப்போ முதுகு சில்லுன்னு ஆச்சு. அரை மணி நேரத்தை அந்த ஃபேக்டரியில இருந்து வெட்டியிருந்தா கேம் இன்னும் இறுகியிருக்கும்னு நினைக்கிறேன். இந்தப் பாதி இறக்கம்னு சில விமர்சகர்கள் அப்போவே சொன்னாங்க. ஆனா அதே ஆளுங்கள்ல சிலர் அடுத்த பத்தியிலயே நேரம் பத்தலன்னு எழுதினதுதான் வேடிக்கை. சாம்பார்ல உப்பு இல்ல, அதுவும் ஒரு கரண்டிதான் ஊத்துனாங்கன்னு சொல்ற மாதிரி.

என் கிளாஸ்ல ஒருத்தி இதை ஒத்துக்கல. அந்த இயந்திரப் பாதிதான் கதையோட உயிர்னு அவள் வாதம். காட்டுல வெறுக்கவாவது ஆள் இருந்தது, அப்புறம் வெறுக்கக்கூட யாரும் இல்லாத இடத்துக்குப் பையன் வந்து சேர்றான், அதான் பயங்கரம்னாள். அந்தச் சுத்துற அறை இல்லாம கடைசிக் காட்சியும் வராதுன்னாள். இது வலுவான பாயின்ட், என்கிட்ட முழுப் பதில் இல்ல. ஆனா கவனிங்க, இது நல்ல சண்டை. கேமுக்குள்ள இருக்கிறதைப் பத்தின சண்டை. "15 டாலருக்கு எத்தனை மணி நேரம்"ங்கிற கேள்வியில இருந்து இப்படி ஒரு சண்டை பிறக்கவே பிறக்காது. கால்குலேட்டரை மூடி வச்சிட்டா பேச்சு முடிஞ்சுது.

விமர்சகர்கள் அப்புறம் மாறினாங்க. 2012-ல ஜர்னி வந்தது, ரெண்டு மணி நேரம்தான், விலை 15 டாலர், தலையில தூக்கி வச்சு ஆடினாங்க. 2016-ல ப்ளேடெட்டோட அடுத்த கேம் இன்சைட். அதுவும் சுமார் மூணரை மணி நேரம், விலை அஞ்சு டாலர் கூட. மெட்டாக்ரிட்டிக்ல எக்ஸ்பாக்ஸ் ஒன் வெர்ஷனுக்கு 93. நீளம் குறைவுன்னு முணுமுணுப்பு இருந்தது, ஆனா முன்னாடி மாதிரி இல்ல. இன்சைட்ல என் புகாரும் அடங்கிடுச்சு. அதுலயும் ஃபேக்டரி, இயந்திரம் எல்லாம் உண்டு, ஆனா ஒவ்வொரு அறையிலயும் யாரோ இருக்காங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்க்கிறாங்க. அவங்க பாடத்தைக் கத்துக்கிட்டாங்கன்னு தோணுச்சு.

ஆக அவங்க அந்தக் கணக்கை விட்டுட்டாங்க. அது செத்துப் போகல, நம்மகிட்ட வந்து தங்கிடுச்சு. 2013-ல கான் ஹோம் வந்தப்போ விமர்சகர்கள் புகழ்ந்தாங்க, ரெண்டு மணி நேரத்துக்கு 20 டாலரான்னு விளையாடுறவங்க கொந்தளிச்சாங்க. இப்போ எந்தச் சின்ன கேமோட ஸ்டீம் ரிவ்யூவைத் திறந்தாலும் "நல்லா இருக்கு, ஆனா ஷார்ட்"ங்கிற வரி இருக்கும். எழுதுறது நாமதான். 2015 ஜூன்ல இருந்து அதுக்கு ஒரு பல்லும் முளைச்சிடுச்சு. வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் குறைவா விளையாடியிருந்தா, காரணம் கேட்காம ஸ்டீம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துடும்.

நல்ல விதிதான். என் லேப்டாப்ல தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஓடுமா ஓடாதான்னு வாங்கிப் பார்த்தாத்தான் தெரியும். அந்த விதி இல்லன்னா பாதி கேம் வாங்கவே பயந்திருப்பேன். ஆனா கேமே ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சா? முழுசா சாப்பிட்டுட்டு இலையைக் காட்டிக் காசைத் திருப்பி வாங்கலாம். 2021-ல எமிகா கேம்ஸ்னு ஒரு தனி ஆள் டெவலப்பர், தன்னோட சம்மர் ஆஃப் 58-ங்கிற குட்டித் திகில் கேமை நிறைய பேர் முடிச்சிட்டு ரீஃபண்ட் வாங்கிட்டாங்க, பாராட்டி ரிவ்யூ எழுதினவங்கள்லயும் அப்படிச் செஞ்சவங்க இருக்காங்க, அதனால கேம் செய்யறதையே காலவரையில்லாம நிறுத்துறேன்னு அறிவிச்சார்.

அந்தச் செய்தியைப் பின்னாடி ஒருநாள் படிச்சப்போ எனக்கு முகம் சூடாச்சு. ஏன்னா நானும் அதைச் செஞ்சிருக்கேன்.

அது எந்த கேம்னு சொல்ல மாட்டேன். செகண்ட் இயர்ல, செமஸ்டர் எக்ஸாமுக்கு முந்தின வாரம். ஒரு மணி நாப்பது நிமிஷத்துல முடிஞ்சது. முடிஞ்சப்போ உண்மையிலேயே கண்ணுல தண்ணி. கட்டைவிரல் மேல இருக்கிற ரிவ்யூ போட்டேன். "அருமை, கொஞ்சம் ஷார்ட்"னு எழுதினேன். அதுக்கு அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு, மாசக் கடைசி, வாலட்ல காசு இல்ல, வேற ஒரு கேம் ஆஃபர்ல வந்தது. ரீஃபண்ட் பட்டனை அழுத்தினேன். எந்தக் குற்ற உணர்ச்சியும் வரல. "ஒன்றரை மணி நேர கேம்தானே"ன்னு மனசு தானா சமாதானம் சொல்லிடுச்சு. இந்த "தானே"வை எனக்குக் கத்துக்கொடுத்தது யாரு? நான் படிச்ச அத்தனை ரிவ்யூவோட கடைசிப் பத்தியும்தான். அதே கேம் எட்டு மணி நேரம் இழுத்து, என்னை நாலு தடவை கொட்டாவி விட வச்சிருந்தா, அந்தக் காசு அவங்ககிட்டயே இருந்திருக்கும்.

நம்ம டிபார்ட்மென்ட்லயே மூணு பேர் யூனிட்டியைத் திறந்து வச்சுக்கிட்டு ராத்திரியில ஏதோ செஞ்சுக்கிட்டு இருக்காங்க, உங்களுக்கும் தெரியும். ரெண்டு பேர், ஒரு லேப்டாப், ப்ளேஸ்மென்ட் பயிற்சி போக மிச்சம் இருக்கிற நேரம். அவங்களால நாப்பது மணி நேர கேம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். நாப்பது நிமிஷம் சரியா செஞ்சா அதுவே பெரிய விஷயம். அதை அவங்க விக்கப்போற கடையில "ஷார்ட்"னு எழுதப்போறதும் நாமதான், ரீஃபண்ட் அழுத்தப்போறதும் நாமதான்.

போன மாசம் அந்தப் பழைய கேமைத் திரும்ப வாங்கினேன். லைப்ரரியில ஒன்றரைச் சொச்சம் மணி நேரம்னு பழைய கணக்கு அப்படியே நிக்குது. ரிவ்யூவையும் திருத்தினேன், "கொஞ்சம் ஷார்ட்"ஐ எடுத்துட்டு "ஒரு மணி நாப்பது நிமிஷம் ஆகும்"னு மட்டும் போட்டேன்.

என் ரூம்மேட்டுக்கு இதெல்லாம் நான் சொல்லல. அவன்கிட்ட வாதம் பண்ணி ஜெயிச்சவன் கிடையாது. ஆனா லிம்போ பார்த்து மூணு நாள் கழிச்சு, மெஸ்ல தோசைக்கு வரிசையில நிக்கிறோம், முன்னாடி இருந்தவன் திடீர்னு தட்டோட திரும்பினான்.

"டேய், கடைசியில கண்ணாடியை உடைச்சிட்டு விழுறான்ல, அப்புறம் நடந்து போறான், அந்தப் பொண்ணு உட்கார்ந்துட்டு இருக்கா. சட்டுன்னு நிமிர்றா. அவன் வந்தது அவளுக்குத் தெரிஞ்சுதா இல்லையா?"

"தெரியலடா."

"இல்ல, தெரிஞ்சிருக்கும்டா. இல்லன்னா ஏன் நிமிர்றா?"

தோசை வந்துடுச்சு. அவன் வாங்கல, யோசிச்சுக்கிட்டே நின்னான். பின்னாடி இருந்தவங்க கத்த ஆரம்பிச்சாங்க.